நாளங்காடிக்கு நுழைவுச்சீட்டு ஏன்?

தசராவுக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட 20 நாட்களில் தில்லி மாநகரம் வேறொரு முகம் கொள்கிறது. கினாரி பஜாரில் சரிகையும் தோரணமும் மலையெனக் குவிகின்றன. பகீரத் பேலஸ் மின்விளக்குச் சரங்களால் பகலிலும் கண்ணைப் பறிக்கிறது. காரி பாவ்லியில் முந்திரியும் பாதாமும் மூட்டை மூட்டையாய் இறங்குகின்றன. சதர் பஜாரில் கால் வைக்க இடம் கிடையாது. இவையெல்லாம் பேர்பெற்ற பெருஞ்சந்தைகள். இவற்றுக்கு நம் பரிந்துரை தேவையில்லை.

நாம் இங்கே வழக்காட வந்திருப்பது பெயரில்லாத சந்தைகளுக்காக. ஒவ்வொரு குடியிருப்பின் கடைத்தெரு ஓரத்திலும் அந்த 20 நாட்களுக்கு மட்டும் முளைத்துப் பின் தடயமின்றி மறையும் சந்தைகள் அவை. ஒரு சாக்கை விரித்து அதன்மேல் அகல் விளக்குகளைக் கூறு கட்டி வைத்திருக்கும் மூதாட்டி; களிமண்ணில் செய்து வண்ணம் தீட்டிய இலக்குமியையும் விநாயகரையும் வரிசையாய் நிறுத்தியிருக்கும் குயவர்; நெற்பொரியும் பதாசாவும் சர்க்கரைப் பொம்மையும் விற்கும் தள்ளுவண்டிக்காரர்; செண்டுமல்லி மாலை கட்டும் சிறுவர்: இவர்களே அச்சந்தையின் வணிகப் பெருமக்கள். இவர்களுக்குப் பெயர்ப்பலகை இல்லை. இவர்களிடம் செல்ல நுழைவாயிலும் இல்லை. நம் வழக்கின் உயிர்நிலை இந்த நுழைவாயில்தான்.

முதலில் நம் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். பிறர்மேல் மட்டும் குறை கூறி எழுதுவது எளிது, அது நேர்மையன்று.

நாம் வாழ்வது தென் தில்லியில் மைய அரசு ஊழியர் குடியிருப்பொன்றில். சில ஆண்டுகளுக்கு முன், குடியிருப்போர் கூட்டமொன்றில், தீபாவளிக் காலத்து நடைபாதைக் கடைகளை அகற்ற வேண்டுமென்று தீர்மானம் வந்தது. அவற்றுக்கு மாற்றாகப் பூங்காவில் பந்தலிட்டு, முறையாகக் கடைகள் ஒதுக்கி, நுழைவுச்சீட்டு வைத்து நான்கு நாள் 'மேளா' நடத்துவதென்று முடிவாயிற்று. கூட்டத்திலிருந்த தமிழ்க் குடும்பங்களுள் ஒன்றுகூட மறுத்துப் பேசவில்லை. மாநகராட்சிக்கு மனு எழுத வேண்டும், யார் எழுதுவது? கோப்புகளில் குறிப்பு வரைந்தே தலை நரைத்த எழுத்தர் கூட்டமன்றோ நாம்! 'பொது நலனை முன்னிட்டு', 'மேற்படி சாலையில் ஏற்படும் இடையூற்றினைக் களைந்து' என்றெல்லாம் அம்மனுவை வரைந்தது நம் கையே. வாசகம் நன்றாக அமைந்ததென்று அன்று பாராட்டும் கிடைத்தது. மனு நிறைவேறியது. நம் பணிக்காலத்தில் நாம் வரைந்தவற்றுள் இத்துணை விரைவில் செயலுக்கு வந்த வரைவு வேறொன்றில்லை.

மேளா நடந்தது. தலைக்கு 50 ரூபாய் நுழைவுச்சீட்டு. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு உள்ளே நுழையவே 200 ரூபாய். நம் போன்றோர்க்குத் தீபாவளி முதலீடு யாதென்பதை அன்பர்கள் அறிவர். தனிநிலை போனஸ் எனப்படும் அத்தொகை, மாதச் சம்பளம் 7,000 ரூபாய்தான் என்று வைத்துக்கொண்டு 30 நாளுக்குக் கணக்கிடப்படுவது. 6,908 ரூபாய் வரும். 2025-ஆம் ஆண்டு ஆணையிலும் அதே கணக்குத்தான். அத்தொகையில் 200 ரூபாயை வாயிற்காவலர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே சென்றோம்.

உள்ளே யாவும் அழகாகவே இருந்தன, மறுக்கவில்லை. வாசனை மெழுகுவர்த்திகள், கண்ணாடிக் குடுவையில் மிதக்கும் விளக்குகள், கல் பதித்த அகல்கள், பொன்வண்ணக் காகிதத்தில் பொதிந்த பலகாரப் பெட்டிகள். விலை ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்தது. பேரம் பேசுவார் எவருமிலர். அங்கே இல்லாதது ஒன்றுண்டு: சாதாரண மண் அகல். டசன் இன்ன விலையென்று கூறு கட்டி விற்கும் அந்த எளிய விளக்கு எந்தக் கடையிலும் கிட்டவில்லை.

இது தற்செயலன்று; கணக்கறிந்தோர்க்கு இதன் காரணம் உடனே விளங்கும். நான்கு நாளைக்குக் கடை வாடகை பதினாயிரம் ரூபாய்க்குக் குறையவில்லை. ஓர் அகல் விளக்கில் கிடைப்பது சில காசு ஆதாயம். அது இடத்தை அடைக்கும், எளிதில் உடையும், விலையோ மிகக் குறைவு. தன் சரக்கு முழுவதையும் விற்றாலும் பதினாயிரம் தேறாத மூதாட்டி, வாடகைக்கு எங்கே போவாள்? வாடகை ஏறினால் அதைத் தாங்கவல்ல சரக்கு மட்டுமே உள்ளே நிற்கும். ஆகவே நுழைவாயில் என்பது வாங்குவோர்க்கு ஒன்று, விற்போர்க்கு ஒன்று என இரண்டு கதவுகளை உடையது. வாங்குவோரின் கதவு 50 ரூபாய்க்குத் திறக்கும். விற்போரின் கதவு ஏழைக்குத் திறப்பதேயில்லை.

அந்த மூதாட்டியைப் பூங்காவுக்கு வெளியே கண்டோம். 17 ஆண்டுகளாக நம் கடைத்தெரு முனையில் அமர்ந்தவர். உத்தம் நகர்ப் பக்கத்துக் குயவர் குடியிருப்பிலிருந்து வருபவர். வாயிலுக்குப் பத்தடி தள்ளிச் சாக்கை விரித்திருந்தார். காவலர் எழுப்பினார், எழுந்து இன்னும் இருபதடி தள்ளிச் சென்றார், அங்கும் எழுப்பினார். நம்மைக் கண்டதும், "பாபுஜி, இவ்வாண்டு எங்களுக்கு இங்கே இடமில்லையாமே, யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்" என்று இந்தியில் சொன்னார். யார் எழுதியதென்று அவர் அறியார். நாம் அறிவோம். இரண்டு டசன் விளக்கு வாங்கினோம். வழக்கமாகப் பேசும் பேரத்தை அன்று பேசவில்லை. அதனால் என்ன பயன்? மறு ஆண்டு அவர் வரவில்லை.

தில்லித் தமிழர்க்கு இதில் தனியானதோர் இழப்பும் உண்டு. நம் தீபாவளி விடியலில் எண்ணெய்க் குளியலோடு பிறந்து காலையிலேயே முதிர்ந்துவிடுகிறது. எதிர்வீட்டார் தீபாவளியோ அமாவாசை அந்தியில் விளக்கேற்றியபின்தான் தொடங்குகிறது. நமக்கு விளக்கு வரிசை என்றால் கார்த்திகை. ஆனால் கார்த்திகை வரும்போது தில்லித் தெருக்களில் அகல் கிடைக்காது. ஆதலின் நம் வீட்டுப் பெண்டிர் தீபாவளிச் சந்தையிலேயே கார்த்திகைக்கும் சேர்த்து வாங்கி, வைக்கோல் சுற்றிப் பரண்மேல் வைப்பது வழக்கம். வடவர் விழாவுக்கென வனைந்த விளக்கே தமிழர் விழாவுக்கும் எரிந்தது. மூதாட்டி வராத ஆண்டில், முன்னைய ஆண்டின் கரி படிந்த அகல்களைத் தேய்த்துக் கழுவி ஏற்றினோம். விளக்குகள் எரியத்தான் செய்தன. ஆயினும் அவற்றின் எதிரில் நிற்க நமக்கு நாணமாக இருந்தது.

விழாவுக்கும் சந்தைக்கும் என்ன உறவு என்று வினவுவோர்க்கு நம் இலக்கியமே விடை கூறும். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையை எடுத்து நோக்குங்கள். புகார் நகரம் இரண்டு பாக்கங்களாக இருந்தது. மருவூர்ப்பாக்கத்தில் நெய்வோர், கொல்லர், தச்சர், சுதைவேலை செய்வோர், மீனும் உப்பும் அப்பமும் விற்போர் ஆகியோர் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரசவீதியும் பெருவணிகர் மாடங்களும் மறையோர் தெருவும் இருந்தன. உழைப்போர் ஒரு புறம், உயர்ந்தோர் ஒரு புறம். இவ்விரண்டுக்கும் நடுவே, மரச்சோலையில், மரங்களே தூண்களாக அமைந்ததே நாளங்காடி. இந்திரவிழாவின் முதற்பூசனை நடந்தது எங்கே? அரண்மனையிலன்று, அந்நாளங்காடியில் குடிகொண்ட காவற்பூதத்தின் பலிபீடத்தில். மறக்குடி மகளிர் பூவும் புகையும் பொங்கலும் படைத்து விழாவைத் தொடங்கினர் என்கிறார் இளங்கோவடிகள்.

இதன் பொருளை நாம் இவ்வாறு கொள்கிறோம். நகரின் இரு பாதிகளும் சந்திக்கும் இடம் சந்தை; அங்ஙனம் சந்திப்பதே விழா. அங்காடி நடுவிலே இருந்ததற்கும், விழா அங்கே தொடங்கியதற்கும் காரணம் அதுவே. அந்நாளங்காடிக்கு மூங்கிலால் வேலி கட்டி, வாயிலில் ஒருவரை நிறுத்திச் சீட்டுக் கிழிக்கச் சொல்லியிருந்தால் மருவூர்ப்பாக்கத்தார் வெளியே நின்றிருப்பர். எஞ்சியிருப்பது பட்டினப்பாக்கத்தார் தம்முள் தாமே விற்று வாங்கும் கூடம். அதற்குக் கண்காட்சி என்று பெயரிடலாம். சந்தை என்று பெயரிடுதல் தகாது.

எதிர்க்கட்சியார் கூறும் காரணங்கள் மூன்று. அவற்றை ஒளிக்காமல் எடுத்துரைத்து விடையும் கூறுவோம்.

முதலாவது, நெரிசல். நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு வழியில்லை என்கின்றனர். உண்மை, நம் மனுவில் அதைத்தான் முதற்காரணமாக எழுதினோம். ஆனால் அச்சாலையின் இரு மருங்கிலும் ஆண்டு முழுவதும் நிற்பவை யாருடைய வாகனங்கள்? நம்முடையவை. ஒரு மகிழுந்து நிற்குமிடத்தில் மூன்று விளக்குக் கடைகள் அமையும். 345 நாள் நாம் அடைத்துக்கொள்ளும் சாலையை 20 நாள் அவர்கள் அடைப்பதே இடையூறாகத் தோன்றியது. சாலையின் ஒரு மருங்கில் மட்டும் கடை, மறு மருங்கில் தடையற்ற வழி, அந்நாட்களில் வாகனங்கட்கு வேறிடம் என்று வகுத்தால் நெரிசல் தீரும். அவ்வாறு வகுக்கும்படி மனு எழுதவும் நமக்குத் தெரியும். நாம் எழுதவில்லை.

இரண்டாவது, பாதுகாப்பு. இதை எளிதாகத் தள்ளிவிட நாம் துணியோம். 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், தீபாவளிக்கு மூன்று நாள் முன்னர், சரோஜினி நகர்ச் சந்தையிலும் பஹாட்கஞ்சிலும் கோவிந்தபுரியருகே ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்தன. 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சரோஜினி நகர் அரசு ஊழியர் குடியிருப்பையொட்டி வளர்ந்த சந்தை. அன்று மாலை வீடு திரும்பாதோர்க்காகக் காத்திருந்த தெருக்களை நம்மில் பலர் மறக்கவில்லை. காவலர் வேண்டும், சோதனை வேண்டும், கண்காணிப்பு வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் 50 ரூபாய்ச் சீட்டு எந்தக் கொடியவனைத் தடுக்கும்? குண்டு வைக்க வருபவனிடம் 50 ரூபாய் இராதா? அகல் விற்பவளிடமே அது இராது. சோதனைக்காக நிற்கும் வாயில் வேறு. கட்டணத்துக்காக நிற்கும் வாயில் வேறு. முன்னதன் பெயரைச் சொல்லிப் பின்னதைக் கட்டுவது ஏமாற்று. மேலும், அன்று சரோஜினி நகரில் விற்போரும் வாங்குவோரும் ஒருங்கே மடிந்தனர். அச்சந்தை மீண்டும் கூடியது. அஞ்சி ஒடுங்காமல் மீண்டும் கூடியதே தில்லி மக்களின் பெருமை.

மூன்றாவது, தரம். தெருச்சந்தைப் பொருள் மட்டமானது, கண்காட்சிகளில்தான் கைவினைஞர் நேரே விற்கின்றனர் என்பர். இதில் பாதி மெய்யுண்டு. 1994-இல் ஐ.என்.ஏ. அருகே அமைந்த தில்லி ஹாட் நுழைவுச்சீட்டு உடையதே. ஆயினும் நாட்டின் பல பகுதிக் கைவினைஞர்க்குச் சுழல்முறையில் கடை கொடுத்து இடைத்தரகரை விலக்கும் ஏற்பாடு அது. லோதி சாலையில் பார்வையற்றோர் பயின்று செய்யும் மெழுகுவர்த்திகளை விற்கும் தீபாவளிச் சந்தையும் ஆண்டுதோறும் நடக்கிறது. இவற்றை நாம் பழிக்கவில்லை. இவை தெருச்சந்தைக்குத் துணையாக நிற்பவை. தெருச்சந்தையை அப்புறப்படுத்திவிட்டு அதன் பிணத்தின்மேல் பந்தலிட்டவையல்ல. நம் பூங்கா மேளாவில் களிமண் தொட்ட கை ஒன்றேனும் இருந்ததா? இல்லை. மொத்தக் கடையில் வாங்கி, பொன்தாள் சுற்றி, விலைச்சீட்டு ஒட்டியவர்களே இருந்தனர். உண்மைக் கைவினைஞர் வாயிலுக்கு வெளியே இருபதடி தள்ளி அமர்ந்திருந்தார்.

இம்மூன்றும் மேலே சொல்லும் காரணங்கள். உள்ளே ஒளிந்திருப்பது நான்காவது. அதை எவரும் மனுவில் எழுதுவதில்லை. நாணமே அது. நடைபாதையில் குந்தி விளக்குப் பொறுக்குவது நம் தகுதிக்குக் குறைவென்று நமக்குத் தோன்றத் தொடங்கிவிட்டது. நம் தந்தையர் ஒரு தகரப் பெட்டியோடு தில்லி இரயிலடியில் இறங்கியவர்கள். கரோல் பாக்கில் ஓர் அறையில் நால்வராய்த் தங்கி, அஜ்மல் கான் சாலையின் நடைபாதையில் கம்பளிச் சட்டை வாங்கிக் குளிர்காலத்தைக் கழித்தவர்கள். நடைபாதைச் சந்தை இல்லையேல் தில்லியில் தமிழ் எழுத்தர் குடும்பம் காலூன்றியிருக்காது. ஏறிய ஏணியை எட்டி உதைக்கும் மனப்பான்மையையே 'பொது நலன்' என்னும் சொல்லால் போர்த்தினோம்.

பேரம் பற்றியும் ஒரு சொல். விலை ஒட்டிய கடையில் வாய் திறவாமல் கொடுத்துவிட்டு, அகல் விற்பவளிடம் ஐந்து ரூபாய்க்குக் கால்மணி நேரம் வாதாடுவது நம் பழக்கம். கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இன்றி வாணிகம் செய்த புகார் வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்நெறி விற்பவர்க்கு மட்டுமா? வாங்குபவர்க்கும் உரியதன்றோ? நியாயமான பேரம் சந்தையின் உரையாடல். அதை நாம் வெறுக்கவில்லை. பேரம் பேச ஆள் இருப்பதே ஒரு பேறு என்பதை ஆள் இல்லாத ஆண்டில்தான் உணர்ந்தோம்.

இரக்கத்தால் மட்டும் இவ்வழக்கு நிற்கவில்லை. சட்டமும் துணை நிற்கிறது. 1989-இல் ஸோதன் சிங் வழக்கில், நடைபாதையில் வணிகம் செய்வது நியாயமான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவு அளிக்கும் தொழிலுரிமையில் அடங்குமென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014-இல் தெரு வணிகர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நகர வணிகக் குழுவில் தெரு வணிகர் பங்கு 40 விழுக்காட்டுக்குக் குறையலாகாது, அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்டிராதல் வேண்டும் என்று அது விதிக்கிறது. 50 ஆண்டுகளுக்கு மேல் மக்கள் இயல்பாய்க் கூடிவரும் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்கவும் வழி செய்கிறது. அகற்றுவதன்று, ஒழுங்குபடுத்துவதே சட்டத்தின் நோக்கம். சட்டமும் விதியும் நாள்தோறும் புரட்டும் நாம், மனு வரைந்த அன்று இதை மட்டும் புரட்டிப் பார்க்கவில்லை.

அன்பர்களே! வினையைச் செய்த கையே கழுவாயும் தேட வேண்டும். இவ்வாண்டு நாம் புதியதொரு மனு வரைந்திருக்கிறோம். தசரா முதல் தீபாவளி வரை நம் கடைத்தெருவின் கீழ்மருங்கை விழாச்சந்தைக்கென ஒதுக்குக. வாடகை வேண்டாம், குப்பை அகற்றும் செலவுக்குச் சிறு தொகை போதும். அந்நாட்களில் எம் வாகனங்களை வேறிடத்தில் நிறுத்த உடன்படுகிறோம். காவலரை நிறுத்துக, சீட்டுக் கிழிப்பவரை நிறுத்தற்க. இவையே அதன் வாசகங்கள். 'பொது நலன்' என்னும் சொல்லை இம்முறை எங்கும் எழுதவில்லை. முதற்சுற்றில் 11 குடும்பங்கள் கையெழுத்திட்டுள்ளன. எஞ்சிய வீடுகளுக்கு ஞாயிறுதோறும் செல்கிறோம்.

தத்தம் குடியிருப்பில் இவ்வாறே ஒரு தாள் எழுதுமாறு இம்மலரைப் படிக்கும் ஒவ்வொருவரையும் வேண்டுகிறோம். எழுத நேரமில்லாதோர் இதையேனும் செய்க: வரும் தீபாவளிக்கு முன் ஒரு மாலை, பந்தலுக்குள் நுழையுமுன், வாயிலுக்கு வெளியே இருபதடி தள்ளிப் பாருங்கள். அங்கே எவரேனும் சாக்கு விரித்திருந்தால், கார்த்திகைக்கும் சேர்த்து வாங்கி வாருங்கள்.